ரிவஸ்டன் ஏற்றத்துக்கு விலை தெரியாது

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டிகளுக்கு நோட்டீஸ் ஒட்டியதும் மாத்தளையில் ரேஸ் சைக்கிள் பேச்சு தொடங்கிவிடும். இரத்தோட்டை, உக்குவெல, யட்டவத்த பக்கமிருந்து பையன்கள் என் கடைக்கு வருவார்கள். கையிலுள்ள போனில் ஒரு கார்பன் சைக்கிளின் படம் இருக்கும். "பாஸ், இத எடுத்தா எவ்வளவு ஸ்பீட் கூடும்?" என்று கேட்பார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் நகையை அடகு வைத்தோ, சீட்டுக் காசை எடுத்தோ அதை வாங்கத் தயாராக நிற்பார்கள். சைக்கிள் திருத்துவதுதான் என் தொழில். புதுச் சைக்கிள் ஒன்று என் கை வழியாகப் போனால் எனக்கும் நாலு காசு கிடைக்கும். ஆனாலும் உள்ளதைச் சொல்லாமல் அனுப்ப மனம் வராது. நல்ல நிலையில் ஒரு ரேஸ் சைக்கிள் ஏற்கெனவே இருக்கிறதென்றால், புதியதால் வேகம் பெரிதாகக் கூடாது. சில வேளை குறைந்தும் போகும்.

நம்மைப் பிடித்து வைப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். நாவுல தாண்டித் தம்புள்ளைக்குப் போகும் சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், காலிலிருந்து வரும் சக்தியில் முக்கால் பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். அந்தக் காற்றுத் தடையிலும் நாலில் மூன்று பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருவது. மிச்சம்தான் சைக்கிளுடையது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த மிச்சத்தில் ஒரு துண்டைத்தான் கம்பனிக்காரர் குறைத்துத் தர முடியும். இன்னொன்றும் உண்டு. வேகம் கொஞ்சம் கூடினாலே காற்றை வெல்லத் தேவையான சக்தி அதைவிட மிக வேகமாக ஏறிவிடும். 30ஐ 33 ஆக்க வேண்டுமானால், காற்றை வெல்ல மட்டும் முன்னைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி கூடுதலாக வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் சாட்சி ஒரு மணி நேரச் சாதனை. சைக்கிள் ஓடுதளத்தில் தனியாக ஒரு மணி நேரம் மிதித்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் அது. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் போனார். பிரித்தானியர் கிறிஸ் போர்ட்மன் 1996இல் கைகளை முன்னால் நீட்டி, முதுகைப் பலகை மாதிரிக் கிடத்தி 56.375 கிலோமீட்டர் போனார். பிறகு சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கம் விதியை மாற்றியது. மெர்க்ஸ் காலத்து அமைப்பில், வளைந்த ஹேண்டிலும் உருண்டைக் குழாயும் கம்பிச் சில்லும் உள்ள சைக்கிளில்தான் இந்தச் சாதனைக்கு இறங்க வேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டு அதே போர்ட்மன் அப்படிப்பட்ட சைக்கிளில் ஏறினார். கிடைத்தது 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸை மிஞ்சியது பத்தே மீட்டர். மெக்சிகோவின் மெல்லிய காற்று மெர்க்ஸுக்கு உதவியது உண்மை. போர்ட்மனுக்கு நாலு வயது கூடியிருந்ததும் உண்மை. எப்படிப் பார்த்தாலும், ஒரே மனிதனின் இரண்டு தூரங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் இருக்கிறது. அதில் பெரும்பகுதி உடம்பை வைத்த விதத்தால் வந்தது.

ஆகவே கடைக்கு வருபவரை அவருடைய சைக்கிளிலேயே ஏற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கச் சொல்வேன். முழங்கையை மடக்கி, ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்து, தலையைத் தாழ்த்தச் சொல்வேன். பலரால் அரை நிமிஷம்கூட அப்படி இருக்க முடியாது. சீட் தாழ்ந்திருக்கும், அல்லது ஹேண்டில் எட்டாத் தூரத்தில் இருக்கும். விலை கூடிய ரேஸ் சைக்கிள்களில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். தினமும் பல மணி நேரம் ஓட்டும் வீரர்களின் முதுகுக்காக, ஹேண்டிலை நன்றாகத் தாழ்த்திச் செய்தவை அவை. நம் ஆள் அதில் இருபது கிலோமீட்டர் போனதும் இடுப்பு வலித்து நிமிர்ந்துவிடுவார். நெஞ்சு முழுக்கக் காற்றில், ரீசேட் படபடவென்று அடிக்கும். பழைய சைக்கிளில் வசதியாகக் குனிந்து போனவர், புதியதில் நிமிர்ந்து மெதுவாகப் போகிறார்.

"ஆனா நான் தம்புள்ளைக்குப் பத்து நிமிஷம் முந்திப் போய்ட்டேனே பாஸ்" என்பார்கள். போயிருப்பார்கள், அதில் பொய் இல்லை. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 360 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. தம்புள்ளை அதைவிட நன்றாகத் தாழ்வு. நாலந்தாப் பக்கம் ஏற்ற இறக்கம் இருந்தாலும் ஏ9 வீதியில் வடக்கே போவது மொத்தத்தில் இறக்கம்தான். ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது முதுகில் கைவைத்துத் தள்ளியது போலிருக்கும். புதுச் சைக்கிள் வாங்கிய உற்சாகத்தில் காலும் கூடுதலாக மிதிக்கும். அதே நாள் அதே சைக்கிளில் தம்புள்ளையிலிருந்து திரும்பி வந்த நேரத்தைக் கேட்டால் பதில் வராது.

ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் ஜெரமி குரோவ்ஸ் என்ற மயக்க மருந்து வைத்தியர் வேலைக்குச் சைக்கிளில் போய்வருபவர். போகவர 43 கிலோமீட்டர் அளவு. ஐம்பது பவுணுக்கு வாங்கிய பழைய இரும்புச் சைக்கிள் ஒன்று, 13.5 கிலோ. ஆயிரம் பவுணுக்கு எடுத்த கார்பன் சைக்கிள் ஒன்று, 9.5 கிலோ. 2010இல் ஆறு மாதம், காலையில் நாணயத்தைச் சுண்டி எதில் போவது என்று முடிவு செய்தார். சராசரி எடுத்தபோது இரும்புச் சைக்கிளில் 1 மணி 47 நிமிடம் 48 செக்கன். கார்பனில் 1 மணி 48 நிமிடம் 21 செக்கன். அந்த ஆண்டு டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அதை எழுதினார். ஒரே ஆள் தன்மேலேயே செய்த சோதனை என்பதால் உலகத்துக்கே தீர்ப்பாக அதை எடுக்க முடியாது. ஆனால் நாலு கிலோ குறைந்தும் அரை நிமிஷம்கூட மிச்சமாகவில்லை என்பது, நகையை அடகு வைக்கக் கிளம்புபவர் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

"அது இங்கிலாந்து, நம்மளுது மலை" என்ற கேள்வி நியாயமானது. மாத்தளைக்காரன் கேட்கத்தான் வேண்டும். இரத்தோட்டை தாண்டி ரிவஸ்டனுக்கு ஏறும் வீதி ஆயிரம் மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடும். அங்கே காற்று பெரிதில்லை, பாரம்தான் எதிரி. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவர் 65 கிலோ. தண்ணீர்ப் போத்தல், சப்பாத்து எல்லாம் சேர்த்து 3 கிலோ. அலுமினியச் சைக்கிள் பத்தரைக் கிலோ. மொத்தம் 78.5. கார்பன் சைக்கிள் எட்டுக் கிலோ என்றால் மொத்தம் 76. குறைந்தது நூற்றுக்கு மூன்று. ஒரு மணி நேரம் ஏறும் ஏற்றத்தில் மிச்சமாவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. போட்டியில் முதல் இடத்துக்கு மோதுபவருக்கு இரண்டு நிமிடம் பெரிய பொருள், அதை மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு ஏற்றத்தில் சைக்கிளின் பாரத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அது கியர்.

ரேஸ் சைக்கிள் ஒன்றில் முன்னால் சிறிய பல்சக்கரம் 36 பல், பின்னால் பெரியது 28 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான வளைவில் வேகம் மணிக்கு எட்டுக் கிலோமீட்டராகக் குறையும்போது பெடல் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்கூட வராது. ஒவ்வொரு மிதியும் முழங்காலில் போய்க் குத்தும். முன்னால் 34, பின்னால் 34 போட்டால் அதே வேகத்தில் அறுபதுக்கு மேல் சுற்றலாம், மூச்சு ஒழுங்காகும். முன் பல்சக்கரத்தையும் பின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டையும் மாற்றுவதற்கு ஆகும் செலவு, புதுச் சைக்கிளின் விலையில் ஒரு சிறு பங்குதான். அதற்கு ஏற்ற நீளத்தில் செயினும், அந்தப் பல்லைத் தாங்கும் பின் கியர் மாற்றியும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். 24 பல் சின்னச் சக்கரம் உள்ள பழைய மவுண்டன் பைக்கில் தோட்டத்துப் பையன் அமைதியாக ஏறிப்போக, பக்கத்தில் லட்சங்கள் பெறுமதியான சைக்கிளை ஒருவர் உருட்டிக்கொண்டு போவதை அந்த வீதியில் பார்க்கலாம்.

டயர் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மெல்லிய டயர், கல் மாதிரிக் காற்று, அதுதான் வேகம் என்று நினைக்கிறார்கள். 120 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். இறுக்கமான டயரில் வீதியின் ஒவ்வொரு சிறு கல்லும் கைக்குத் தெரியும். அந்த அதிர்வு வேகம் போலத் தோன்றும். உண்மையில் அந்த அதிர்வில் உடம்பு முழுதும் குலுங்கி, மிதித்த சக்திதான் வீணாகிறது. பெரிய போட்டிகளில் ஓடும் வீரர்கள் 23 மில்லிமீட்டர் டயரை விட்டு 25க்கும் 28க்கும், அதற்கு மேலும் போய்விட்டார்கள், காற்றையும் குறைத்துவிட்டார்கள். 65 கிலோ ஆளுக்கு 28 டயரில் 70 அளவு போதும். தார் பெயர்ந்த நம் தோட்ட வீதிகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

2022ஆம் ஆண்டை மறக்க முடியாது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை. சைக்கிள் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. அப்போது ஊர் முழுக்க வீட்டுப் பின்புறத்தில் கிடந்த பழைய லுமாலா, ரலி சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். செயினில் கறல், ஹப்பில் காய்ந்து களிமண்ணான கிறீஸ், சில்லில் கோணல். ஒன்றைத் தூக்கி நிறுத்திப் பின்சில்லைச் சுற்றிவிட்டால், ஒரு இடத்தில் பிரேக் கட்டையில் "ஸ்... ஸ்..." என்று தேய்த்து இரண்டாவது சுற்றிலேயே நின்றுவிடும். கம்பிகளை முறுக்கிக் கோணலை எடுத்து, பெயரிங் குண்டுகளைக் கழுவிப் புதுக் கிறீஸ் வைத்து, செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தால் அதே சில்லு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படித் திருத்திக் கொண்டுபோனவர்கள் பலர் மறுநாள் வந்து சொன்னது ஒன்றுதான்: புதுச் சைக்கிள் மாதிரி இருக்கிறது.

விலை கூடிய சைக்கிளை நான் குறை சொல்லவில்லை. மழையில் ரிவஸ்டன் இறக்கத்தில் வரும்போது நல்ல டிஸ்க் பிரேக் உயிரைக் காக்கும். கியர் சுத்தமாக விழும், ஓட்ட ஆசை வரும். மாகாண மட்டத்தில், தேசிய மட்டத்தில் ஓடுபவருக்குச் செக்கன் கணக்கும் முக்கியம். ஆனால் நல்ல சைக்கிள் இல்லாததால்தான் தோற்றேன் என்று போட்டியையே விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. சமதரையில் இன்னொருவருக்குப் பின்னால் ஒட்டி ஓடினாலே காற்றுக்குப் போகும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். அதைப் பழகுவதற்குக் காசு வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நான் கேட்பது இதுதான். பணம் கட்டும் முன் இப்போதுள்ள சைக்கிளை, சைக்கிள் திருத்தும் நல்ல பாஸ் ஒருவரிடம் கொண்டுபோங்கள். சீட் உயரம், ஹேண்டில் தூரம், செயின், சில்லு, டயர், பின் கேசட் எல்லாவற்றையும் சரி பண்ணி இரண்டு மாதம் ஓட்டுங்கள். ஒரே வீதியில் போயும் வந்தும் நேரத்தை எழுதி வையுங்கள். அதற்குப் பிறகும் புதியது வேண்டுமென்றால், உங்கள் உயரத்துக்குச் சரியான ஃபிரேமா, 28 டயர் ஏறுமா, பின்னால் 34 பல் போட முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். அம்மாவின் நகையை மட்டும் அதற்காக அடகு வைக்க வேண்டாம்.