4,000 ரூபாய் டயரா, 6,000 ரூபாய் டயரா?

டயர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீங்க, உங்க ஓட்டத்தையும் பாருங்க.

உதாரணத்துக்கு, 4,000 ரூபாய் டயர் 30,000 கி.மீ., 6,000 ரூபாய் டயர் 50,000 கி.மீ. உழைக்கும்னு வெச்சுக்கோங்க. கிலோமீட்டருக்கு 13 பைசா, 12 பைசா. பூந்தமல்லியிலிருந்து தினமும் ஸ்ரீபெரும்புதூர் போறவங்களுக்கு பிரீமியம்தான் லாபம்.

ஆவடியில ரயில் ஏறி ஆபீஸ் போறவரா? கார் வருஷத்துக்கு 5,000 கி.மீ.தான் ஓடுதா? 6 வருஷத்துல ஓட்டம் 30,000 கி.மீ.தான். அதுக்குள்ள ரப்பர் இறுக ஆரம்பிச்சிடும். மிச்ச 20,000 கி.மீ. உங்களுக்குக் கிடைக்காது. அப்போ கூடுதல் பணம் மழைநேரப் பிடிமானத்துக்கு மட்டும்தான். மழையில அடிக்கடி வண்டி எடுப்பீங்கன்னா அது நியாயமான செலவு. இல்லைன்னா நல்ல கம்பெனியோட பட்ஜெட் டயரே போதும்.

எதை வாங்கினாலும் பக்கவாட்டுல இருக்கிற 4 இலக்க எண்ணைப் பாருங்க: 2325னா 2025-ம் வருஷம், 23-வது வாரம் தயாரானது. பழைய ஸ்டாக் வேண்டாம்.