ஒரு புள்ளித் தோல்வி

ஆட்டம் ஆடுவோரைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஆட்டத்தைப் பார்ப்போரைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். கூடைப்பந்துக் களத்தில் நிற்பவர்கள் அணிக்கு ஐவர். களத்தைச் சுற்றி நிற்பவர்களோ பல நூற்றுவர். உள்ளே நிற்கும் ஐவருக்கு விதி உண்டு, நடுவர் உண்டு, தவறு செய்தால் தண்டனையும் உண்டு. சுற்றி நிற்பவர்களுக்கு இவை எவையும் இல்லை. ஆயினும் அவர்களும் தவறு செய்கிறார்கள். நானும் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லித்தான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அது 1987ஆம் ஆண்டு. விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு நம் மாவட்டம் தனியே பிரிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. நான் அப்பொழுது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். கல்லூரிகளுக்கிடையே நடந்த கூடைப்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் எங்கள் திடலில் நடைபெற்றது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை இரவு ஏழு மணிக்கும் உள்ளங்காலைச் சுட்டது. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர்ப் பக்கங்களிலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்து குவிந்திருந்தார்கள். எங்கள் பகுதியில் மகிழ்ச்சி என்றால் வெடிதான். ஆகவே சிவகாசி நண்பன் ஒருவன் ஆயிரம் வாலாச் சரவெடி ஒன்றைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

எங்கள் அணியின் உயிர்நாடியாக விளங்கியவர் என் வகுப்புத் தோழர். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரின் மகன். பெயர் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது நிமிட ஆட்டம் முடிந்தபொழுது இரு அணிகளும் 58 புள்ளிகளுடன் சமமாக நின்றன.

இவ்விடத்தில் ஆட்டத்தின் விதி ஒன்றை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கால்பந்திலும் ஹாக்கியிலும் இரு அணிகள் சமமாக ஆடிக் கைகுலுக்கிப் பிரிவது உண்டு. கூடைப்பந்தில் பொதுவாக அந்த வழக்கம் இல்லை; ஒருவர் வென்றாக வேண்டும். அந்நாளில் இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகளாக ஆட்டம் நடந்தது. 2000ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு விதிப்படி அது பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக மாறியது. எப்படிப் பகுத்தாலும் மொத்தம் நாற்பது நிமிடங்கள்தாம். அதற்குள் முடிவு காணாவிட்டால் ஐந்து நிமிடம் கூடுதல் நேரம் தருவார்கள். அதிலும் சமமானால் இன்னும் ஐந்து நிமிடம். மீண்டும் சமமானால் மீண்டும் ஐந்து நிமிடம். களைத்த கால்களும் நடுங்கும் விரல்களும் அந்த ஐந்து நிமிடங்களில் ஒவ்வொரு புள்ளிக்காகவும் போராடும். ஆகவேதான் கூடுதல் நேரத்தில் தோற்கும் அணி சில வேளைகளில் ஒன்றிரண்டு புள்ளிகளில் தோற்கிறது.

எங்கள் ஆட்டமும் அவ்வாறே சென்றது. கூடுதல் நேரம் முடிய மூன்று நொடிகள் இருந்தன. நாங்கள் 62; எதிரணி 64. என் தோழரை எதிரணியினர் ஒருவர் விதிக்குப் புறம்பாகத் தடுத்தார். நடுவர் இரண்டு தனி எறிகள் வழங்கினார். தனி எறி என்பது, யாரும் குறுக்கே வாராமல், கோட்டின் பின்னே நின்று கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு. திடலில் இதை 'ஃப்ரீ த்ரோ' என்றே வழங்குவோம். விழுந்தால் ஒரு புள்ளி. இரண்டும் விழுந்தால் மறுபடியும் சமநிலை. முதல் எறி வலையைத் தொட்டுக்கொண்டு இறங்கியது. இரண்டாவது எறி வளையத்தில் பட்டு, ஒருமுறை சுற்றி, வெளியே விழுந்தது. நீண்ட ஊதல் ஒலித்தது. 63க்கு 64. தோற்றோம்.

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: "இந்தக் கையை நம்பியா பந்தைக் கொடுத்தோம்!" அதைத் தொடர்ந்து பல குரல்கள். முதலில் எழுந்த அந்தக் குரல் என்னுடையது.

என் தோழர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி, இருட்டில் நடந்து போனார். அதற்குப் பிறகு அவர் படிப்பை விடவில்லை. பந்தை மட்டும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் எங்களை அழைத்தார். அவர் கோபிக்கவில்லை. புள்ளிக் கணக்கேட்டை எடுத்து எங்கள் முன்னே வைத்து, "நேற்று நாம் பெற்ற தனி எறிகள் எத்தனை என்று எண்ணுங்கள்" என்றார். எண்ணினோம். இருபத்திரண்டு. விழுந்தவை பதின்மூன்று, தவறியவை ஒன்பது. "அந்த ஒன்பதில் அவன் தவறவிட்டவை எத்தனை?" என்று கேட்டார். இரண்டு. அவர் எறிந்தவை ஒன்பது. அவற்றில் ஏழு விழுந்திருந்தன. மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பதின்மூன்று எறிந்து ஏழைத் தவறவிட்டிருந்தார்கள். மொத்தம் 63 புள்ளிகளில் 23 அவர் ஒருவரே எடுத்தவை.

"ஆட்டத்தின் நான்காவது நிமிடத்தில் தவறிய எறிக்கும் ஒரு புள்ளிதான் விலை, கடைசி நொடியில் தவறிய எறிக்கும் ஒரு புள்ளிதான் விலை. ஒரு புள்ளியில் தோற்றவன் ஒன்பது எறிகளையும் இழந்துதான் தோற்கிறான். கடைசி எறி மட்டும் உங்கள் கண்ணில் நின்றது; அவ்வளவே" என்றார் ஆசிரியர். பிறகு சரவெடி வைத்திருந்த நண்பனைப் பார்த்து, "அதை வென்றவர்களிடம் கொடுத்திருக்கலாமே. வாசல் வரை போய் வெடித்துவிட்டுப் போயிருப்பார்கள்" என்றார்.

நண்பர்களே, ஒரு புள்ளித் தோல்வியைப் பற்றி நான் அறிந்த பாடத்தின் முதற்பகுதி இதுதான். கணக்கேடு எல்லாத் தவறுகளையும் ஒரே அளவில் எழுதுகிறது. மனமோ கடைசித் தவறை மட்டும் பெரிதாக எழுதிக்கொள்கிறது. ரசிகன் நம்ப வேண்டியது கணக்கேட்டை.

ஆனால் நாங்கள் செய்த இரண்டாவது தவறு முதல் தவற்றைக் காட்டிலும் பெரிது. கணக்கேட்டைப் பார்த்து வெட்கினோம். ஆனால் அதை என் தோழரிடம் போய் ஒருவரும் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாள்கள் கடந்தன. தேர்வு வந்தது; பிரிந்தோம்.

சொல்லாமல் விட்ட சொல் ஒருவர் மனத்தில் எத்தனைக் காலம் கனக்கும் என்பதை உலகறிந்த ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன்.

கூடைப்பந்து பிறந்தது 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காக, பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி, இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று அது நந்தனத்தில் உடற்கல்விக் கல்லூரியாக விளங்குகிறது. நம் ஊர்த் திடல்களுக்கும் நெய்ஸ்மித்தின் கூடைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

நெய்ஸ்மித் 1898இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அதன் முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனார். அந்தப் பல்கலைக்கழகத்தின் அணி 1957ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதியாட்டத்தில் நின்றது. எதிரே வட கரோலினா அணி. அவ்வாண்டில் ஒரு தோல்வியும் காணாதது. ஆட்டம் நடந்த கான்சாஸ் சிட்டியோ கான்சாஸ் அணியின் ரசிகர்களுக்குச் சொந்த வீடு போன்றது. அவர்கள் பக்கத்தில் ஏழடிக்கு மேல் உயரமான வில்ட் சேம்பர்லின் என்ற இளைஞர் இருந்தார். அவரை எதிர்த்து முதற்பந்துக்குத் தாவுவதற்கு, ஆறடிகூட இல்லாத டாமி கேர்ன்ஸ் என்பவரை வட கரோலினாவின் பயிற்சியாளர் நிறுத்தினார். உயரத்தால் உங்களை வெல்ல நாங்கள் முயலப் போவதில்லை என்று சொல்லாமல் சொன்ன தந்திரம் அது.

நாற்பது நிமிடம் முடிந்தபொழுது 46க்கு 46. முதற்கூடுதல் நேரத்தின் முடிவில் 48க்கு 48. இரண்டாவது கூடுதல் நேரத்தில் இரு அணிகளும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மூன்றாவது கூடுதல் நேரம் முடிய ஆறு நொடிகள் இருக்கையில் கான்சாஸ் ஒரு புள்ளி முன்னே நின்றது. அப்பொழுது ஜோ குவிக் என்ற வட கரோலினா வீரர் இரண்டு தனி எறிகளையும் கூடையில் இட்டார். அடுத்து சேம்பர்லினை நோக்கி வந்த பந்தையும் அவரே தட்டிவிட்டார். 54க்கு 53. கான்சாஸ் தோற்றது.

அன்று 23 புள்ளிகள் எடுத்தவர் சேம்பர்லின். தோற்ற அணியில் இருந்தும், போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று அவரையே தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில், 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், தொழில்முறை ஆட்டமொன்றில் ஒருவராகவே 100 புள்ளிகள் எடுத்து உலகை வியக்க வைத்தவரும் அவரே. அந்த நூறு புள்ளிகளால் பழைய ஒரு புள்ளியின் துயரத்தை ஆற்ற முடியவில்லை. பல்கலைக்கழகத்துக்கு நான் ஏமாற்றம் அளித்துவிட்டேன் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை. நீண்ட காலம் அவர் அந்தப் பக்கம் வராமலே ஒதுங்கியிருந்தார்.

1998ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அவர் திரும்பி வந்தார். அவர் அணிந்த 13ஆம் எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று அறிவித்து, அவரைச் சிறப்பிக்கப் பல்கலைக்கழகம் அழைத்திருந்தது. அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் தம் கல்லூரிக் காலத்து மேற்சட்டையை அணிந்துகொண்டு களத்தின் நடுவே நின்றார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஆரவாரித்தது. நாற்பது ஆண்டுகளாகத் தம் மனத்தில் இருந்த சுமையை அவர் அங்கே சொன்னார். அந்த வரவேற்பில் அச்சுமை இறங்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

எண்ணிப் பாருங்கள். அந்த ரசிகர்கள் ஈந்த அன்பு 1957இலேயே அவருக்கு எட்டியிருந்தால் நாற்பது ஆண்டுச் சுமை அவருக்கு ஏன்?

தோற்றவரைப் போற்றுவது நமக்குப் புதிய செய்தியும் அன்று. வெண்ணிப் போரில் கரிகாற் சோழன் வென்றான், பெருஞ்சேரலாதன் தோற்றான். மார்பில் பாய்ந்த வேல் முதுகிலும் புண் செய்ததற்கு நாணி, சேரன் வடக்கிருந்தான். அப்பொழுது வெண்ணிக்குயத்தியார் என்ற புலவர் வென்ற கரிகாலனையே நேரில் நோக்கி, உன்னிலும் அவன் நல்லவன் அல்லனோ என்னும் பொருள்படப் பாடினார். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அது. வென்றவன் முன்னே நின்று தோற்றவனை உயர்த்திப் பேசும் துணிவு அந்தப் பெண்பாற் புலவருக்கு இருந்தது. சொந்தத் தோழனை உயர்த்திப் பேசும் துணிவு எங்களுக்கு இல்லாமற் போயிற்று.

நம் பகுதியில் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. திரி எரிந்தும் வெடிக்காத வெடியின் அருகே உடனே முகத்தைக் கொண்டு போகக் கூடாது. விலகி நின்று, பொறுத்து, நீரை ஊற்ற வேண்டும். தோற்ற ஆட்டத்துக்குப் பின் வரும் முதற்பத்து நிமிடங்களில் ரசிகனின் நாவும் அத்தகையதே. அப்பொழுது பேசாதிருப்பது நன்று. ஆனால் சினம் ஆறிய பிறகும் பேசாதிருப்பது நன்றன்று.

சில ஆண்டுகளுக்கு முன் சாத்தூரில் ஒரு திருமண வீட்டில் என் தோழரைக் கண்டேன். நரைத்த தலை, அதே நடை. நலம் விசாரித்து முடிப்பதற்குள் அவரே சிரித்துக்கொண்டு, "அந்த இரண்டாவது எறி போயிருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் ஆடியிருக்கலாம், இல்லையா?" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. முதலில் கத்தியவன் நான்தான் என்று சொன்னேன். "தெரியும், உன் குரல் எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, ஆசிரியர் காட்டிய கணக்கேட்டைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதில் ஏழு என்று சொன்னேன். பந்தி நடந்துகொண்டிருந்தது, சுற்றிலும் ஒரே இரைச்சல். அவர் சிறிது நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழா? ஐந்து என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்!" என்றார்.

மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரி அணியும் என்றாவது ஒரு புள்ளியில் தோற்கும். அன்று தலையைக் குனிந்துகொண்டு நடப்பவர் ஒருவர் இருப்பார். சினம் அடங்கும் வரை காத்திருங்கள், கணக்கேட்டைப் பாருங்கள், பார்த்ததை அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அதே இரவில் சொல்ல முடியாவிட்டால் மறுநாள் காலையிலாவது சொல்லிவிடுங்கள்.