பேரப்பிள்ளைக்கு மலச்சிக்கலா?
பேரப்பிள்ளை மலத்தை அடக்கிக்கொள்கிறதா? முன்பு ஒருமுறை வலித்திருக்கலாம். வலிக்குப் பயந்து அடக்க அடக்க மலம் மேலும் இறுகும்.

அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள், வெற்றிலைக் காம்பு வைப்பார்கள். இப்போது வேண்டாம். விளக்கெண்ணெயால் வயிறு முறுக்கி வலிக்கும். காம்பு ஆசனவாயைக் காயப்படுத்தலாம்.

மருத்துவர் பெரும்பாலும் முதலில் தருவது, தண்ணீரில் கலக்கும் மேக்ரோகோல் தூள். அது குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்கும். லாக்டுலோஸ் மருந்தும் அப்படித்தான். இனிப்பாக இருப்பதால் பிள்ளைகள் மறுக்காமல் குடிப்பார்கள்; ஆனால் வயிறு உப்பலாம். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் மேக்ரோகோலே கூடுதல் பலன் தந்தது. அது போதாவிட்டால் சென்னா சேர்ப்பார்கள். நீங்கள் அறிந்த நிலாவரைதான் அது. குடலைத் தூண்டுவதால் வயிறு வலிக்கலாம்.

உள்ளாடையில் நீராகக் கசிந்தால், வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே தேங்கிய மலத்தைச் சுற்றி வரும் கசிவாகவும் அது இருக்கலாம். நிறுத்தும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மலம் இளகிய பிறகும் பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில், மருந்து தேவைப்படும். பழக்கமாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்.

வயிறு வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கைக்குழந்தைக்கு எந்த மருந்தையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். முதலில் பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.