மருமகளை அழ வைக்கும் கிழங்கு!

பெண் பார்க்கப் போன இடத்தில், "பாடத் தெரியுமா? சமைக்கத் தெரியுமா?" என்று கேட்ட காலம் நம் ஊரில் உண்டு. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு மலைக் கிராமங்களிலோ வருங்கால மாமியார் இத்தனை கேள்வி கேட்பதில்லையாம். ஓர் உருளைக்கிழங்கைக் கையில் கொடுத்து, "எங்கே, தோல் சீவு பார்க்கலாம்" என்பாராம்!

இது என்ன பிரமாதம் என்கிறீர்களா? அது நம் கடையில் கிடைக்கிற வழவழப்பான உருளை இல்லை. உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக, இடுக்கு இடுக்காக இருக்கும். கத்தியை எங்கே வைத்தாலும் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். கெச்சுவா மொழியில் அதன் பெயருக்கு அர்த்தமே 'மருமகளை அழ வைப்பது'தான்!

நல்லவேளை, கத்தி தேவைப்படுவது இந்தப் பரீட்சைக்கு மட்டும்தான். மற்ற நாட்களில் தோலோடு வேக வைத்து, சாப்பிடும்போது கையாலேயே உரித்துக்கொள்கிறார்கள். வைட்டமின் 'சி' சத்தும் தண்ணீரில் அதிகம் வீணாவதில்லை. நாமும் செய்யலாமே!

இந்தக் கெச்சுவா மக்கள் கூஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில், பிசாக் என்ற ஊருக்கு மேலே மலையில் வாழ்கிறார்கள். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். இவர்கள் கிழங்கு போடும் வயல்களில் பல, அதைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேலே! 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆறு கிராமங்கள் கைகோர்த்து, தங்கள் நிலத்தை 'உருளைக்கிழங்குப் பூங்கா' ஆக்கின. ஊதா, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் அங்கே இருக்கின்றன.

பிறந்த வீடு திரும்பிய விதைகள்

நடுவிலே பல ரகங்கள் வயலிலிருந்து காணாமல் போயிருந்தன. ஆனால் லிமா நகரில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் முன்பே சேகரித்து வைத்திருந்தது. 2004-இல் கிராமத்தார் அந்த மையத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நோய் நீக்கிய 410 ரகங்கள் ஊர் திரும்பின.

விதை வந்தால் மட்டும் போதுமா? எதை எந்தச் சரிவில் நடுவது, எதை வேக வைப்பது, எதை வற்றலாக்குவது? இதற்கென்றே ஊருக்குள் 'கிழங்குக் காவலர்கள்' இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பலகை கிடையாது. வயலில் நடந்தபடியே, சொந்த மொழியில், ஒரு விவசாயி இன்னொரு விவசாயிக்குச் சொல்லித் தருகிறார். கசப்புக் கிழங்கை இரவுப் பனியில் உறைய விட்டு, காலால் மிதித்து நீர் பிழிந்து, வெயிலில் காய வைப்பார்கள். 'சுன்யோ' என்ற அந்த வற்றல் வருடக்கணக்கில் கெடாது. இதை எந்தப் புத்தகத்தைப் படித்துக் கற்றுக்கொள்வது? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தானே வரும்!

லாரெஸ் பள்ளத்தாக்குச் சந்தைக்குப் பெண்கள் மூட்டையோடு வருவார்கள். மேல்மலைக்காரி கிழங்கு தருவாள், கீழே உள்ளவள் சோளமும் பழமும் தருவாள். பல நேரம் காசே குறுக்கே வருவதில்லை. பண்டத்தோடு பேச்சும் கைமாறும். "இதை நீ எப்படி ஆக்குவே?" என்று ஒருத்தி கேட்டால் போதும், பாடம் ஆரம்பம்!

உச்சிக்கு மேலே எங்கே போவது?

இப்போது அவர்களுக்கு ஒரு பெரிய கவலை. பூமி சூடாக ஆக, பூச்சியும் நோயும் மலை ஏறி வருகின்றன. குளிர்ச்சியைத் தேடிக் கிழங்கும் மேலே ஏறுகிறது. முப்பது ஆண்டுகளில் 200 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டது என்கிறார்கள் அங்குள்ளவர்கள். ஏறிக்கொண்டே போகலாம்தான். ஆனால் மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறதே! அதற்கு மேல் மண் ஏது?

அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு ரகங்களை நட்டு, எது தாங்குகிறது என்று தாங்களே பார்க்கிறார்கள். 2014-இல் பூட்டான், சீன நாடுகளின் மலை விவசாயிகள் பெருவுக்கு வந்து, அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பாஷை வேறு, கவலை ஒன்று. அதே ஆண்டு பூட்டானில் பல நாட்டு மலைவாழ் பழங்குடியினர் கூடி, தங்களுக்குள் ஓர் அமைப்பே தொடங்கினார்கள். 2015-இல் பூங்காவின் கிழங்கு விதைகள் நார்வேயின் ஸ்வால்பார்ட் பனிக் கிடங்குக்கும் போய்ச் சேர்ந்தன.

ஆனால் கிடங்கில் உறங்கும் விதைக்குச் சமைக்கத் தெரியாது, நடவும் தெரியாது. அதைத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னால்தான் விதைக்கு உயிர்.

நம் வீட்டுப் பரணில் பாட்டி முடிந்து வைத்த அவரை விதை இருக்கிறதா? ஒரு பிடி அடுத்த வீட்டு அக்காவுக்குக் கொடுங்கள். போடும் பக்குவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் கொடியை ஆடு மேய்ந்துவிட்டாலும், "அக்கா, நாலு விதை குடுங்க" என்று கேட்க ஓர் இடம் இருக்குமே!