குறி தப்பாது என்ற பெயர்

பெயின்ட்பால் ஆடுபவர்களிடம் ஆட்டோகாக்கர் என்ற மார்க்கருக்கு, அதாவது வண்ணக்குண்டு சுடும் துப்பாக்கிக்கு, ஒரு பெயர் உண்டு: குறி தப்பாது. அந்தப் பெயரை நம்பியே 1990களில் அமெரிக்காவில் அதை வாங்கியவர்கள் ஏராளம். பெயர் சும்மா வந்ததல்ல. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் தவறு.

மார்க்கர் காட்டுவேலைக்காகப் பிறந்த கருவி. வெட்டவேண்டிய மரங்களில் எட்ட நின்றே அடையாளமிட, ஜெலட்டின் உறைக்குள் எண்ணெய் வண்ணம் அடைத்த குண்டுகளை மிச்சிகனின் நெல்சன் பெயின்ட் நிறுவனம் விற்றது. அவற்றைச் சுட டெய்சி நிறுவனத்தின் ஜேம்ஸ் ஹேல் வடிவமைத்ததுதான் நெல்-ஸ்பாட் 007; 1974இல் காப்புரிமை கிடைத்தது. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் ஹென்னிக்கரில் பன்னிரண்டு பேர் இதைக் கையில் ஏந்திக் கொடி பிடிக்கும் ஆட்டம் ஆடினார்கள். வென்றவர் வனத்தொழில் தெரிந்த ரிச்சி ஒயிட். அவர் ஒருமுறைகூடச் சுடவில்லை.

அந்தக் காலத்து மார்க்கரின் உயிர், 12 கிராம் கரியமில வாயுக் குப்பி. விசையை இழுத்தால் ஸ்பிரிங் உந்திய சுத்தியல் வால்வைத் தட்டும். ஒரு கணம் திறக்கும் வால்வு வழியே பாயும் வாயு குண்டைத் தள்ளும். சிக்கல் வாயுவில் இருக்கிறது. குப்பிக்குள் திரவமாக இருக்கும்வரை அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. 20 டிகிரி செல்சியஸில் சுமார் 57 பார், பூஜ்ஜியத்தில் 35தான். அடுத்தடுத்துச் சுட்டால் திரவம் ஆவியாகி, குப்பி தானே குளிர்ந்துபோகும். ஐந்தாவது குண்டு முதல் குண்டின் வேகத்தில் போகாது. பழைய மார்க்கர்களை வடிவமைத்தவர்கள் முக்கியமாகப் போராடியது இதனோடுதான் என்பேன்.

பட் ஓர் என்பவர் உருவாக்கிய ஆட்டோகாக்கர், அடுத்த குண்டுக்குத் தயாராகக் கையால் பம்ப் அடிக்கும் வேலையை வாயுவிடமே ஒப்படைத்தது. விசையை இழுத்ததும் சுத்தியல் விடுபட்டுக் குண்டு பறக்கும். மேலும் இழுத்தால் மூன்றுவழி வால்வு திரும்பி, முன்பக்கத்துச் சிறு பிஸ்டன் பின்கட்டையை நகர்த்தும். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட் திறந்து அடுத்த குண்டு விழும், சுத்தியல் மறுபடி தயாராகும். விசையை விட்டதும் போல்ட் மூடிக்கொள்ளும். இந்த வரிசை கொஞ்சம் பிசகினாலும் குண்டு உள்ளேயே நசுங்கும். டாம் கே என்பவரின் ஆட்டோமேக் என்ற இன்னொரு மார்க்கரில் சுத்தியலே இல்லை. போல்ட்டுக்குப் பின்னால் அடைபட்ட வாயுவே அதை முன்னே தள்ளிக் குண்டையும் சுடும்.

சுடும்போது போல்ட் மூடியே இருப்பதால்தான் ஆட்டோகாக்கர் துல்லியமானது என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குழலை விட்டு வெளியேறிய குண்டின் போக்கை, வெளியேறும் வேகமும் சுழற்சியும் அதன் வடிவமுமே தீர்மானிக்கின்றன. சுமார் 3 கிராம் எடை, 17 மில்லிமீட்டர் விட்டம், உறையில் ஒரு தையல்கோடு. நொடிக்கு 300 அடி வேகத்தில் காற்றுத்தடை குண்டின் எடையைப்போல் சுமார் 18 மடங்கு. ரைஃபிள் தோட்டாவைப்போல் சுழற்றியும் பயனில்லை. உறை சுழன்றாலும் உள்ளிருக்கும் திரவம் பின்தங்கிச் சுழற்சியைத் தின்றுவிடும்.

ஆகவே மார்க்கர் செய்யக்கூடியது ஒன்றே: ஒவ்வொரு குண்டையும் ஒரே வேகத்தில் அனுப்புவது. ஆட்டோகாக்கர் வைத்திருந்தவர்கள் வாயு அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைப் பொறுமையாகச் சீர்செய்தார்கள், குண்டுக்கு ஏற்ற குழலை மாற்றிப் பூட்டினார்கள். பெயரைச் சம்பாதித்தது அந்தக் கவனிப்பு. பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் செய்யும் சோதனை எளிமையானது. குண்டைக் குழலுக்குள் இடுவார்கள். தானாக உருண்டு வெளியே விழுந்தால் குழல் பெரிது. உள்ளே நின்று, வாயால் ஊதியதும் வெளியேறினால் அளவு சரி.