ரிவர்ஸ் கியர் ஏன் ஊளையிடுகிறது?

காரை ரிவர்ஸில் எடுக்கும்போது மட்டும் ‘ங்ங்ங்’ என்று ஓர் ஊளைச் சத்தம் எழுவதைப் பலரும் கேட்டிருப்பார்கள். வேகம் கூடக் கூட அதன் சுருதியும் ஏறும். முதல் கியர் போட்டு முன்னால் நகர்ந்தால் சத்தம் போய்விடும். ஏதோ கோளாறு என்று பயந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் கோளாறு ஒன்றும் இருக்காது. முன்னால் ஓட்டும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் நேர்ப் பற்கள். நமக்குக் கேட்பது அந்த வித்தியாசம்தான்.

நேர்ப்பல் கியருக்கு ஸ்பர் கியர் என்று பெயர். அதன் பற்கள் ஷாஃப்ட்டுக்கு இணையாக ஓடும். இரண்டு ஸ்பர் கியர்கள் சேரும்போது ஒரு பல் தன் முழு அகலத்தோடும் எதிர்ப் பல்லைத் தொடுகிறது. விலகும்போதும் மொத்தமாக விலகுகிறது. ஒரு கணம் இரண்டு ஜோடிப் பற்கள் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும், அடுத்த கணம் ஒரே ஜோடி முழுச் சுமையையும் தாங்கும். எஃகுப் பல்லும் சுமையில் மயிரிழை அளவு வளையும். தனியாகத் தாங்கும்போது கூடுதலாக வளையும், துணைக்கு இன்னொரு பல் வந்ததும் கொஞ்சம் நிமிரும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் இது ஒருமுறை நடக்கிறது. 20 பற்கள் கொண்ட கியர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் வினாடிக்கு 1,000 தடவை, அதாவது 1,000 ஹெர்ட்ஸ். காதுக்கு மிகத் தெளிவாகக் கேட்கிற சுருதி அது. அந்த அதிர்வு ஷாஃப்ட்டிலிருந்து பேரிங்குக்கும், பேரிங்கிலிருந்து கியர்பாக்ஸின் உறைக்கும் போய், அங்கிருந்து சத்தமாக வெளியே வருகிறது.

இதற்கு மாற்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக்குக்குத் தோன்றியிருக்கிறது. மெல்லிய பல்சக்கரத் தகடுகள் பலவற்றை, ஒவ்வொன்றையும் துளி திருப்பி, ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஒரே சக்கரமாக்குவது அவர் யோசனை. சீட்டுக்கட்டை லேசாகச் சரித்து வைத்ததுபோல இருக்கும். ஒரு தகட்டின் பல் விலகுவதற்குள் அடுத்த தகட்டின் பல் பிடித்துக்கொள்ளும். தகடுகளை மேலும் மேலும் மெல்லியதாக்கினால் படிகள் மறைந்து சாய்வான பல்லே கிடைத்துவிடும். இன்றைய ஹெலிக்கல் கியர் அதுதான். அதில் தொடுதல் பல்லின் ஒரு முனையில் தொடங்கி, குறுக்காகப் பரவி, மறுமுனையில் முடிகிறது. சுமை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரென்று தாவாமல் மெல்லக் கைமாறுவதால் சத்தம் பெருமளவு அடங்கிவிடுகிறது.

இந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு. பல் சாய்ந்திருப்பதால், அதன் மேல் விழும் விசையில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றாமல் ஷாஃப்ட்டின் நீளவாக்கில் தள்ளும். எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது, கியரின் ஆரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல்லின் மேல் விழுவது 4,000 நியூட்டன், ஏறத்தாழ 400 கிலோ எடை. பல்லின் சாய்வு 25 டிகிரி என்றால் அதில் கிட்டத்தட்ட 190 கிலோ பக்கவாட்டில் தள்ளும். ஒரு சின்னக் காருக்குள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சக்கரம் படும் பாடு இது. பேரிங்குகள் அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டும், உறை நெகிழாமல் நிற்க வேண்டும்.

இந்தத் தள்ளலை மொத்தமாக ரத்து செய்யவும் வழி இருக்கிறது. எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு வரிசைப் பற்களை ஒரே சக்கரத்தில் ‘வி’ வடிவில் வெட்டினால் இரு தள்ளல்களும் ஒன்றையொன்று அடித்துவிடும். கார் தயாரிப்பில் இறங்குவதற்கு முன் ஆந்த்ரே சித்ரோயன் நடத்தியது இத்தகைய கியர்களைச் செய்யும் தொழிலைத்தான். சித்ரோயன் கார்களின் முகப்பில் இருக்கும் இரட்டை அம்புமுனை அந்தப் பற்களின் வடிவம். ஆனால் வெட்டுவதற்குச் சிரமம், செலவும் அதிகம் என்பதால் கார் கியர்பாக்ஸுக்குள் இது பரவவில்லை.

ரிவர்ஸுக்கு நேர்ப் பல் ஏன் என்றால், பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸ் போடும்போது ஐட்லர் என்ற சிறு சக்கரம் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கி வந்து மற்ற இரண்டு சக்கரங்களுக்கு இடையில் நுழைகிறது. நேர்ப் பல்லாக இருந்தால் நேராக நுழைந்துவிடலாம். சாய்ந்த பல் திருகியபடிதான் நுழைய முடியும், சுமை ஏறியதும் பக்கவாட்டுத் தள்ளல் அதை வெளியே நகர்த்தப் பார்க்கும். ரிவர்ஸில் போவதோ சில மீட்டர்தான், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பைக் கியர்பாக்ஸிலும் சக்கரங்களே நகர்ந்துதான் கியர் மாறுகிறது. அங்கும் பெரும்பாலும் நேர்ப் பல்தான்.

ரேஸ் கார்களில் நேர்ப் பல் இருப்பதைப் பார்த்து, அதுதான் அதிக வலுவானது என்று நம்புகிறவர்கள் நிறைய. இதை நான் மறுக்கிறேன். ஒரே அளவு, ஒரே எஃகு என்றால், ஒரே சமயத்தில் கூடுதல் பற்கள் சுமையைப் பங்கிடும் ஹெலிக்கல் வலுவில் குறைந்ததல்ல, பல சமயம் மேலானது. ரேஸ் கியர் தாங்குவதற்கு அதன் தடித்த பற்களும் உயர்ந்த ரக எஃகும் காரணம். நேர்ப் பல் கொடுக்கும் உண்மையான லாபம் பல்லுக்கு வெளியே இருக்கிறது. பக்கவாட்டுத் தள்ளல் இல்லாததால் பேரிங்கும் உறையும் பிழைக்கின்றன.

1959-இல் வந்த பிரிட்டிஷ் மினி இதற்கு நல்ல சாட்சி. அலெக் இஸிகோனிஸ் அதில் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியில், எஞ்சின் ஆயிலிலேயே குளிக்கும்படி பொருத்தினார். எஞ்சினின் சக்தி மூன்று ஹெலிக்கல் சக்கரங்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. நடுவில் இருப்பது ஐட்லர். மேல் சக்கரம் அதை ஒரு பக்கம் தள்ள, கீழ்ச் சக்கரம் மறுபக்கம் தள்ளுகிறது. கூட்டிப் பார்த்தால் தள்ளல் பூஜ்யம். ஆனால் இரண்டும் ஐட்லரின் எதிரெதிர் விளிம்புகளில் விழுவதால், அது சாய்ந்து கவிழப் பார்க்கிறது. எஞ்சினை முடுக்கி ரேஸுக்கு ஓட்டுகிறவர்கள் இந்த மூன்றையும் நேர்ப் பல்லாக மாற்றுவதில் முழு நியாயம் உண்டு. தினமும் ஆபீஸுக்குப் போகும் மினியில் மாற்றினால், எல்லா கியரிலும் ஊளைதான் மிஞ்சும். ஏனென்றால் எந்த கியரில் ஓடினாலும் சக்தி இந்த மூன்றையும் கடந்தே ஆக வேண்டும்.

மின்சாரக் கார்களில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. சத்தத்தை மறைக்க அங்கே எஞ்சின் இல்லை. 25 பற்கள் கொண்ட சக்கரம் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் 5,000 ஹெர்ட்ஸ், மிக மெல்லிய ஒலியும் காதில் படுகிற எல்லை. அதனால் அங்கே ஹெலிக்கல் பற்களை மைக்ரான் கணக்கில் சாணை பிடித்து, நுனியைத் துளி இழைத்துவிடுகிறார்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெட்ரோல் காரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுமை பல்லின் மறுபக்கத்துக்கு மாறும், ஆனால் அது குறைவு. மின்சாரக் காரிலோ அதே நேரத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்கிறது. பக்கவாட்டுத் தள்ளலும் அந்தக் கணமே பலமாகத் திசை மாறுகிறது. அதனால் பல்லின் இரு பக்கங்களுக்கும், ஷாஃப்ட்டின் இரு முனைப் பேரிங்குகளுக்கும் அதே கவனம் தேவைப்படுகிறது.