ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு வெளிநாடு

சரக்கும் சட்டமும் – 11

மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தின் வாசல் பக்கம் போனால், ஜி.எஸ்.டி. சாலை கொஞ்ச நேரம் பெண்களின் சாலையாகிவிடும். கழுத்தில் அட்டை தொங்க வரும் ஐ.டி. கூட்டம் ஒரு பக்கம். தோளில் டிபன் பையும் காதில் போனுமாகத் தையல் கம்பெனிப் பெண்கள் இன்னொரு பக்கம். செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்கிற அவசரம் எல்லோருக்கும். அந்த அவசரத்திலும், காவலர் கேட்பதற்கு முன்பே பையின் ஜிப்பைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். கேட்டால், "பழகிடுச்சு சார்" என்கிறார்கள்.

அந்த ஜிப்புக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம், 53ஆவது பிரிவு. மண்டலத்துக்குள் அனுமதிக்கப்பட்ட தொழிலைப் பொறுத்தவரை அந்த இடம் இந்தியாவின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படும் என்கிறது அது. அதாவது, மதில் சுவருக்கு இந்தப் பக்கம் தாம்பரம். அந்தப் பக்கம், சுங்கத் துறையின் கண்ணுக்கு, வெளிநாடு. உள்ளே தைத்த சட்டையைச் சண்முகம் சாலையில் கடை போட்டு விற்க வேண்டுமென்றால், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததைப் போல பில் ஆஃப் என்ட்ரி போட்டு, சுங்கவரி கட்டித்தான் வெளியே எடுக்க முடியும். தாம்பரத்திலிருந்து தாம்பரத்துக்கு இறக்குமதி!

இந்த வெளிநாட்டின் மீதுதான் அமெரிக்கா 2018இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. மெப்ஸ் மீது மட்டுமல்ல. இந்தியாவின் எல்லாச் சிறப்பு மண்டலங்கள் மீதும், அவற்றோடு இன்னும் நான்கு ஏற்றுமதிச் சலுகைத் திட்டங்கள் மீதும். அந்த வழக்கில் இந்தியா தோற்றது. ஆனால் மெப்ஸ் மதிலில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. எப்படி என்பதுதான் இந்த வாரக் கதை.

வரி இல்லாத 262 ஏக்கர்

சானடோரியம் என்று ஊருக்குப் பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனையை டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கியது 1928இல். காற்று நல்ல காற்று என்று நோயாளிகளைக் கொண்டுவந்த இடத்துக்கு அருகே, 1984இல் மெட்ராஸ் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம் வந்தது. சுமார் 262 ஏக்கர். 1965இல் குஜராத்தின் காண்ட்லாவில் தொடங்கிய பரிசோதனையின் தொடர்ச்சி அது. 2003இல் பெயர் மாறிச் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. ஊர் மக்களுக்கு அன்றும் இன்றும் மெப்ஸ்தான்.

சலுகைகள் தாராளம். இயந்திரமோ மூலப்பொருளோ, இறக்குமதிக்குச் சுங்கவரி இல்லை. ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்து ஆண்டு வருமான வரி முழு விலக்கு, அடுத்த ஐந்து ஆண்டு பாதி விலக்கு இருந்தது. பதிலுக்கு அரசு கேட்டது ஒரே ஒரு நிபந்தனை. ஐந்தாண்டுக் கணக்கை மொத்தமாகப் பார்த்தால், ஏற்றுமதியில் சம்பாதித்த அந்நியச் செலாவணி இறக்குமதிக்குச் செலவழித்ததைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நிகர அந்நியச் செலாவணி என்று இதற்குப் பெயர். கம்பெனிகள் ஆண்டுதோறும் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

அமெரிக்கா பிடித்துக்கொண்டது இந்த ஒரு நிபந்தனையைத்தான்.

உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தத்தில் மூன்றாவது விதி எளிமையானது. ஏற்றுமதி செய்தால்தான் கிடைக்கும் என்று நிபந்தனை போட்டு அரசு கொடுக்கும் மானியம், தடை செய்யப்பட்ட மானியம். வரியை விட்டுக்கொடுப்பதும் மானியம்தான். ஏற்றுமதி இல்லாமல் நிகரக் கணக்கு மேலே வராது. கணக்கு மேலே வராமல் சலுகை நிலைக்காது. ஆகவே இது ஏற்றுமதி மானியம் என்றது வாஷிங்டன். ஐந்து திட்டங்களாலும் இந்தியக் கம்பெனிகள் அடையும் பலன் ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் என்று ஒரு கணக்கையும் வைத்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது சரக்குகளுக்கான ஒப்பந்தம். மென்பொருள் சேவை இதில் அடங்காது. ஒரே வாசலில் வெளியே வரும் இரண்டு கூட்டத்தில் கழுத்து அட்டைக்காரர்களுக்கு இந்த வழக்கில் வேலையில்லை. டிபன் பைக்காரர்களின் வழக்கு இது.

துணியும் தையல் மெஷினும்

வழக்கில் ரசமான ஒரு வாதம் தையல் மெஷினைப் பற்றியது என்று சொல்லலாம். ஒப்பந்தத்தின் அடிக்குறிப்பு ஒன்று ஏற்றுமதியாளருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஏற்றுமதியாகும் சட்டைக்குள் போன துணிக்கும் பொத்தானுக்கும் நூலுக்கும் வரி விலக்கு தரலாம்; அது மானியம் ஆகாது. வரியை ஏற்றுமதி செய்யக் கூடாது என்பது பழைய வர்த்தக தர்மம்.

ஆனால் அந்தத் துணியைத் தைத்த மெஷின்? துணி சட்டையோடு கப்பல் ஏறிப் போய்விடுகிறது. மெஷின் இங்கேயே இருக்கிறது. நாளை உள்ளூர்ச் சட்டையையும் தைக்கும். அதனால் மெஷினுக்குத் தரும் வரி விலக்கு அந்தக் கதவு வழியாக நுழைய முடியாது. மூலதன இயந்திரங்களுக்கான சலுகைத் திட்டம் இந்த இடத்தில்தான் சிக்கியது.

இந்தியாவின் பெரிய வாதம் வேறு. 'நாங்கள் ஏழை நாடு; எங்களுக்கு அவகாசம் உண்டு' என்பது. அதற்கு ஆதாரமும் இருந்தது. தலா வருமானம் 1,000 டாலரைத் தாண்டாத வரை ஏற்றுமதி மானியத் தடை பொருந்தாது என்று ஒப்பந்தத்தின் ஏழாம் இணைப்பு 20 நாடுகளைப் பெயர் சொல்லி விலக்கியிருந்தது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. 1990 விலைவாசிக் கணக்கில், தொடர்ந்து மூன்று ஆண்டு தாண்டினால் பட்டியலிலிருந்து வெளியே. 2013, 2014, 2015 மூன்றிலும் இந்தியா தாண்டிவிட்டது என்று 2017இல் கணக்கு வந்தது.

சரி, தாண்டிவிட்டோம். ஆனால் மற்ற வளரும் நாடுகளுக்கு மானியத்தை விலக்கிக்கொள்ள எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்தீர்களே, அது எங்களுக்கும் வேண்டாமா? தாண்டிய நாளிலிருந்து எட்டு ஆண்டு கொடுங்கள் என்றது இந்தியா.

தாம்பரத்தில் ரயில் ஏறுகிறவர்களுக்கு இது உடனே புரியும். நான் சீசன் டிக்கெட்டை இன்றைக்குத்தான் கையில் வாங்கினேன், இன்றிலிருந்துதானே கணக்கு என்கிறார் பயணி. டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் தேதியைப் பார் என்கிறார் பரிசோதகர். விதியில் அச்சாகியிருந்தது, உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து எட்டு ஆண்டு என்று. அந்த நாள் 1995 ஜனவரி 1. எட்டு ஆண்டு 2002ஓடு முடிந்தது. இந்தியா கையில் வாங்கும்போதே காலாவதியான சீசன் டிக்கெட் அது.

2019 அக்டோபர் 31 அன்று விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. பெரும்பாலான அம்சங்களில் இந்தியாவுக்குத் தோல்வி. சிறப்பு மண்டலச் சலுகைகளை 180 நாளில் விலக்கிக்கொள்ள வேண்டும். மற்றவற்றுக்கு இன்னும் குறைந்த கெடு.

காலி நாற்காலிகள்

நவம்பர் 19 அன்று இந்தியா மேல்முறையீடு செய்தது. அந்தத் தேதியில்தான் கதையின் திருப்பம் இருக்கிறது.

ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்புக்கு ஏழு நாற்காலி. ஒரு வழக்கைக் கேட்க மூன்று பேர் வேண்டும். ஒருவரின் பதவிக்காலம் முடிந்து புதியவரை நியமிக்க எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு தலையாட்ட மறுத்தாலும் நாற்காலி காலிதான். அமெரிக்கா சில ஆண்டுகளாகத் தலையாட்டவில்லை. அந்த நீதிபதிகள் வரம்பு மீறித் தீர்ப்பு எழுதுகிறார்கள் என்பது அதன் புகார். 2019 டிசம்பர் 10 அன்று மிச்சமிருந்த மூவரில் இருவரின் காலம் முடிந்தது. ஒருவர் அமெரிக்கர். இன்னொருவர் இந்தியரான உஜால் சிங் பாட்டியா. மறுநாள் எஞ்சியது ஒரே ஒருவர். வழக்குக் கேட்க ஆளில்லை.

மேல்முறையீட்டில் இருக்கும் அறிக்கை ஏற்கப்பட்டதாக ஆகாது. ஏற்கப்படாத வரை 180 நாள் கெடு தொடங்கவே தொடங்காது. எட்டு ஆண்டு அவகாசத்தில் இந்தியா வருவதற்கு முன்பே கடிகாரம் ஓடி முடிந்திருந்தது. இந்தக் கெடுவிலோ கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவே ஆளில்லை. நம்மூர்க் கோர்ட் வாசலில் வாய்தா வாங்கியே வழக்கைப் பத்து வருஷம் இழுத்தவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். இது அதற்கும் மேல். முடிவில்லாத வாய்தா; அதுவும் வழக்குப் போட்டவரே நாற்காலிகளைத் தூக்கிவிட்டதால் கிடைத்தது.

அதற்காக டெல்லி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கும் மண்டலக் கம்பெனிகளுக்கு வருமான வரி விலக்கு இல்லை என்று வழக்கு வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. வழக்கில் இருந்த ஐந்தில் ஒன்றான, ஏற்றுமதி மதிப்பில் சதவீதம் போட்டுச் சான்றிதழ் கொடுத்த எம்.ஈ.ஐ.எஸ். திட்டத்தை மூடி, 2021 ஜனவரி முதல் ஏற்றுமதிச் சரக்கில் ஒளிந்திருக்கும் எரிபொருள், மின்சார வரி போன்றவற்றை மட்டும் திருப்பித் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். துணிக்குத் திறந்திருந்த அதே கதவு வழியாக நுழைகிற திட்டம். சிறப்பு மண்டலச் சட்டத்தையே மாற்றப் போவதாக 2022 பட்ஜெட்டில் அறிவித்தார் நிர்மலா சீதாராமன். அது மட்டும் சட்டமாகவில்லை. தீர்ப்பைக் கோர்ட்டில் ஏற்காமல் வீட்டில் பாதி ஏற்றுக்கொண்ட கதை இது.

முடிவு ஜெனீவாவில் வரவில்லை. 2023 ஜூனில் பிரதமர் மோடி அமெரிக்கா போனபோது, இரு நாடுகளும் ஆறு வழக்குகளை ஒரே மூட்டையாகக் கட்டிச் சமாதானமாக முடித்துக்கொண்டன. சென்ற வாரம் பார்த்த சூரியத் தகடு வழக்கும் அந்த மூட்டையில் இருந்தது. அமெரிக்கப் பாதாம், அக்ரூட், ஆப்பிள் மீது 2019இல் போட்ட கூடுதல் வரியை இந்தியா விலக்கிக்கொண்டது. மெப்ஸ் தையல் கம்பெனியும் தாம்பரம் மார்க்கெட்டின் ஆப்பிள் கூடையும் ஒரே ஒப்பந்தத்தின் இரு முனைகள் என்று அன்று அந்த இரண்டு இடத்திலும் யாருக்கும் தோன்றியிருக்காது.

அப்படியானால் இந்தியா ஜெயித்ததா? வாய்தா என்பது குடியிருப்பவருக்கு லாபம். வீட்டுச் சொந்தக்காரருக்கு நஷ்டம். 2018இல் நாம் குடியிருப்பவர். 2025இல் இடம் மாறிவிட்டது. அந்த ஆண்டு அமெரிக்கா உருக்கு, அலுமினியத்துக்கு வரி போட்டபோது, மேயில் இந்தியா பாதுகாப்பு நடவடிக்கை ஒப்பந்தத்தைக் காட்டிப் பதில் வரி போடும் உரிமையை உலக வர்த்தக அமைப்பில் பதிவு செய்தது. காகிதத்தில் நியாயம் இருந்தது. ஆகஸ்டில் பெரும்பாலான இந்தியச் சரக்குகளுக்கு மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரி வந்தது. ஆயத்த ஆடைக்கும் சேர்த்து. ஜெனீவாவில் வழக்கு நடத்தி ஜெயித்தாலும், எதிராளி மேல்முறையீடு என்று ஒரு தாள் கொடுத்தால் போதும். நாம் 2019 நவம்பரில் கொடுத்த அதே தாள். இந்தியா பேச்சுவார்த்தை மேஜைக்குத்தான் போனது. அந்த மேஜையில் விதி எண்ணைப் பார்ப்பதில்லை. யார் சந்தை பெரிது என்று பார்க்கிறார்கள்.

மெப்ஸ் வாசலில் ஜிப் திறந்து காட்டிவிட்டு வந்த பெண்ணுக்கு 2019 நவம்பரும் தெரியாது, 2025 ஆகஸ்டும் தெரியாது. முதலாவதில் கிடைத்த வாய்தா அவருடைய வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது. இரண்டாவதில் வந்த வரி, அவர் தைக்கும் சட்டையின் விலையை வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் ஏற்றியது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது அதே காலி நாற்காலிகள்.

அடுத்த வாரம் இங்கிருந்து தென்கிழக்கே, கோவளம் கடற்கரைக்குப் போவோம். நாற்காலிகள் நிறைந்திருந்த 1998இல், முட்டையிட வரும் பங்குனி ஆமைக்காக இறால் வலையில் கை வைத்த அமெரிக்காவை எதிர்த்து இந்தியாவும் இன்னும் மூன்று நாடுகளும் நடத்திய வழக்கு.

(தொடரும்)